துறைமுகத்தில் பனி கேட்டு வந்தவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது இது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்தால், எந்தெந்த வரியில் நான் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதியிருக்கிறேன் என்று சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்டவர். அதனால் நாங்கள் அவரைக் கூப்பிட்டபடியே டீச்சர் என்று வைத்துக்கொள்கிறேன்.

சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் விவசாயக் கல்லூரியில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். கோதுமைக்கும் எங்களுக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் சாயங்காலம் டீக்கடையில் தின்னும் பரோட்டாவோடு சரி.

அவர் வந்தது ஒரு சித்திரை மாத நடுப்பகல். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்குப் படகு எதுவும் கடலுக்குப் போகாது என்பதால் கம்பெனி பாதித் தூக்கத்தில் இருந்தது. நானும் மிஷின் ஆபரேட்டர் ஆரோக்கியமும் வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆரோக்கியம் என் மனைவியின் தம்பி. வெயிலில் ஒரு குடை எங்களை நோக்கி வந்தது. குடைக்குக் கீழே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சுடிதார் கையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது.

"அண்ணே, இங்க பனி கெடைக்குமா?"

"முழு ஐஸ் பாரா வேணுமா, ஒடச்சு வேணுமா?" என்றேன்.

"அது ஐஸ். எனக்குப் பனி வேணும்."

ஆரோக்கியம் சாக்பீஸ் தூளைப் பார்த்துவிட்டு, "அதுக்கு நீங்க மார்கழி மாசம் வந்திருக்கணும் டீச்சர்" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. "மார்கழியில நம்ம ஊர்ல வுழுறது வெறும் ஈரம். வெயிலு வந்தா போயிடும். நான் கேக்கறது வானத்துலேருந்து பஞ்சு மாதிரி வுழுந்து, மூணு நாலு மாசம் வயல் மேல படுத்துக் கெடக்குமே, அந்தப் பனி."

"நீங்க அதப் பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. குடையை மடக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "இல்லண்ணே. அதான் பிரச்சினையே" என்றார்.

பிரச்சினை இதுதான். குளிர் நாடுகளில் ஒரு வகைக் கோதுமையைக் குளிருக்கு முன்பே விதைத்துவிடுவார்களாம். அது முளைத்து நாலு இலை விட்டு நிற்கும்போது பனி வந்து மூடிவிடும். பயிர் அந்தப் பனிக்கடியில் குளிர்காலம் முழுக்கத் தூங்கிவிட்டு, வசந்தத்தில் எழுந்து வளரும். பனி மூடாத இடத்தில் குளிர்காற்று அடித்துப் பயிர் செத்துவிடும். மூடிய இடத்தில் பிழைக்கும். புத்தகத்தில் இருந்த இதை வகுப்பில் சொல்லியிருக்கிறார். லால்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது.

"மிஸ், ஐஸு செத்த மீனத்தான் கெடாம வைக்கும். உயிரோட இருக்கற பயிர அது எப்படிக் காப்பாத்தும்? நீங்க பாத்திருக்கீங்களா?"

வேறு யாராக இருந்தாலும், "பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். டீச்சர், "இல்லம்மா, நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், அதுவரை அடுத்த பாடம் கிடையாது என்றுவிட்டார். இரண்டு வாரமாக வகுப்பு அந்த இடத்திலேயே நிற்கிறது. துறைத் தலைவர் ஒரு மெமோ கொடுத்தாகிவிட்டது. டீச்சருடையது ஒரு வருஷ ஒப்பந்த வேலை. ஜூன் மாதம் அதைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் அதே துறைத் தலைவர் கையில்.

"சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே டீச்சர்" என்றான் ஆரோக்கியம்.

"எத சரின்னு சொல்றது?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார் அவர்.

அவருடைய குணமே அதுதான் என்று எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. தன் கண்ணால் பார்க்காத எதையும் அவரால் வாயால் சொல்ல முடியாது. மற்றவர்கள் சொன்னாலும் விடமாட்டார். மீன் விற்கும் அம்மா, "இப்பத்தான் எறங்குச்சு கண்ணு, தொட்டுப் பாரு" என்று கூவினால், "எந்தப் போட்டுலேருந்து? தடைக்காலமாச்சே?" என்பார். அந்த அம்மா அவர் வரும் திசையைக் கண்டாலே கூடையைச் சாக்கால் மூட ஆரம்பித்தார். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், "ஒரே மணி நேரம், ஏறுங்க ஏறுங்க" என்று சொன்னதற்காக, மூன்று வாரம் போக வர நேரம் குறித்து, சராசரி போட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கண்டக்டரிடமே கொடுத்தார். கண்டக்டர் முதலில் முறைத்தாராம். பிறகு யாராவது சண்டைக்கு வந்தால், "என்னைக் கேக்காதீங்க, அந்தம்மா கணக்கு போட்டு வச்சிருக்காங்க, அவுங்களக் கேளுங்க" என்று கையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ஒரு வரன்கூட இதனால்தான் தட்டிப்போயிற்று. திருவந்திபுரம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். அதை அவரே எங்களிடம் சொன்னார், குறையாக அல்ல, நடந்ததை நடந்தபடி. மாப்பிள்ளையின் அம்மா, "எம்புள்ள தெனமும் அஞ்சு மணிக்கே எழுந்துருவான்" என்றிருக்கிறார். இவர், "அப்படிங்களா, அத யாரு பாக்கறது? நீங்க எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா ஆறரைக்கு எழுபவர்.

"வேணும்னே கேட்டீங்களா?" என்றேன்.

"இல்லண்ணே. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அவுங்க கோவிச்சுக்கிட்டாங்க."

இந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவி, "கொழம்புல உப்பு சரியா இருக்கு" என்றாள். "நீ ருசி பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி நானே தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

சரி, பனிக்கு வருகிறேன். தடைக்காலத்தில் எங்கள் குளிர் அறை காலியாகத்தான் கிடந்தது. முதலாளி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஒரு மூலையில் இரண்டு பக்கெட் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டேன். மலை மாநிலம் ஒன்றில் இருந்த தோழி தபாலில் அனுப்பிய கோதுமை விதையை அவர் ஏற்கெனவே முளைக்க வைத்திருந்தார். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். இரண்டு பெயின்ட் பக்கெட்டில் மண், மண்ணில் விரல் நீளத்துக்குக் கோதுமை நாற்று. ஒன்றை அப்படியே திறந்து வைத்தோம். இன்னொன்றின் மேல் ஆரோக்கியம் ஐஸ் பாரை அரவை மிஷினில் போட்டு உடைத்து ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினான். கதவைச் சாத்தினோம்.

மூன்றாம் நாள் திறந்து பார்த்தோம். திறந்து வைத்த பக்கெட்டில் நாற்று கீரை வதக்கியதுபோல் சுருண்டு கிடந்தது. மற்ற பக்கெட்டில் ஐஸை விலக்கினோம். அதுவும் அதேபோல் கிடந்தது. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டான்.

டீச்சர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே செத்துப்போச்சு அண்ணே!" என்று யாருக்கோ குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் குளிரில் மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து பத்து நிமிஷம் யோசித்தார். பல் தந்தியடிக்கத் தந்தியடிக்க யோசித்தார்.

"பக்கெட்டு தரையில இருக்கு. தரையும் குளிரு, பக்கமும் குளிரு. ஆனா வயல்ல கீழ பூமி இருக்குல்ல? கோடைக்காலத்துச் சூட்ட அது உள்ள வச்சிருக்கும். அது மெல்ல மெல்ல மேல வரும். பனி சூடு குடுக்கறதில்லண்ணே. வர்ற சூட்ட வெளிய போவ வுடாம புடிச்சு வைக்குது. நான் கீழ ஒண்ணுமே வைக்காம மேல மட்டும் மூடியிருக்கேன்."

"அப்ப பூமி வேணும்ங்கறீங்க" என்றான் ஆரோக்கியம்.

"கொஞ்சமா இருந்தாப் போதும்" என்றார் அவர்.

அடுத்த நாள் கொஞ்சம் பூமியைக் கொண்டுவர நாங்கள் மூன்று பேரும் அலைந்தோம். பெரிய நீல டிரம் இரண்டை இடுப்பளவுக்கு வெட்டி, ஈர மண்ணை நிரப்பி, அடியிலும் சுற்றிலும் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளைப் பிய்த்துக் கட்டினோம். இப்போது குளிர் மேலிருந்துதான் வர முடியும். மண்ணுக்குள் கடலூர் வெயில் இருந்தது. ஆனால் மேலே போடுவதற்கு எங்கள் ஐஸ் ஆகாது என்றுவிட்டார். ஐஸ் கெட்டியாக இருக்கிறதாம். பனியில் பாதிக்கு மேல் காற்றுதானாம். அந்தக் காற்றுதான் போர்வையாம்.

"காத்து அடச்ச ஐஸுக்கு நான் எங்க போவேன்?" என்றேன்.

அதற்கு ஆரோக்கியம்தான் வழி காட்டினான், தெரியாமலே. குளிர் அறையின் சுவரோரம் ஓடும் குழாய்களில் வெள்ளையாக ஒரு பொடி படியும். காற்றில் இருக்கும் ஈரம் அப்படி உறைந்து பூக்கும். அதைச் சுரண்டாவிட்டால் அறை சரியாகக் குளிராது. வழக்கம்போல அவன் ஒரு கட்டையால் சுரண்டி, முறத்தில் வாரி, வெளியே சாக்கடையில் கொட்டப் போனான். டீச்சர் போட்ட கூச்சலில் முறத்தை என் காலில் போட்டான்.

அவர் தரையில் குந்தி அந்தப் பொடியை உள்ளங்கையில் அள்ளினார். லேசாக ஊதினார். பறந்தது. எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷமா இத எங்க கொட்டுனீங்க?" என்று கேட்ட குரலில் அவ்வளவு வேதனை இருந்தது. ஆரோக்கியம், "டிச்சுல" என்று சொல்ல வெட்கப்பட்டு, "அந்தாண்ட" என்றான்.

அன்றிலிருந்து பொடி சேர்ப்பதே எங்களுக்கு வேலையாயிற்று. டீச்சர் வீட்டில் மிச்சம் வைத்திருந்த நாற்றைக் கொண்டுவந்து டிரம்களில் நட்டார். நாற்றைச் சட்டென்று பெருங்குளிரில் வைத்தால் தாங்காது, பழக்க வேண்டும் என்று குளிர் அறைக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் டியூப் லைட் போட்டு மூன்று வாரம் வைத்தார். "ஒரு மாசமா எனக்கே சரியா வேல இல்ல, பயிருக்கு ஏசி ரூமு" என்று ஆரோக்கியம் முணுமுணுப்பான். ஆனால் டீச்சர் வராத நாட்களில் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது அவன்தான். ஒரு நாள் எழுத மறந்துவிட்டு, முந்தின நாள் எண்ணையே பக்கத்தில் எழுதிவிட்டான். அதை என்னிடம் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் தவித்தான். கடைசியில் அவனே டீச்சருக்குப் போன் போட்டு, "டீச்சர், நேத்து நான் பாக்கல" என்று ஒப்புக்கொண்டான். சர்ச்சில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அவன் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

இதற்கு நடுவில் முதலாளி வந்துவிட்டார். சொல்லாமல் வந்தார். ஐஸ் அடுக்க வேண்டிய அந்த முன் அறையில் எட்டிப் பார்த்தார். இரண்டு நீல டிரம். பச்சைப்பசேலென்று நாற்று. கம்பெனி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் குந்தி உட்கார்ந்து இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"யோவ் அந்தோணி, இது ஐஸ் கம்பெனியா, வயக்காடா?"

"அது வந்து மொதலாளி..." என்று நான் இழுத்தேன். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

டீச்சர் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "வணக்கம் சார். உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்கப்பா காலத்துல ஐஸ உமியில பொதச்சு வண்டியில அனுப்புவாங்களாமே, நெசமா?"

அப்பா பேச்சு வந்ததும் முதலாளி கொஞ்சம் நிமிர்ந்தார். "ஆமா. உமி, அதுக்கு மேல சாக்கு. பண்ருட்டி வரைக்கும் போவும். கரையாது."

"உமி குளிர்ச்சியான பொருளா சார்?"

"உமி எங்கம்மா குளிரும்? கைய வுட்டா கதகதன்னு இருக்கும்."

"அப்ப அது எப்படி ஐஸக் காப்பாத்துச்சு?"

முதலாளி ஐஸ் தொழிலில் பிறந்து வளர்ந்தவர், இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "வெளிய இருக்கற சூட்ட உள்ள வுடாது. அவ்ளோதான்."

"அதே உமிக்குள்ள ஐஸுக்குப் பதிலா சுடுசோத்துப் பானைய வச்சா?"

"சோறு ஆறாது. சூடு உள்ளயே..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். டிரம்மைப் பார்த்தார். குளிர் அறைக்குள் மூட்டையில் கட்டி வைத்திருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். "அடேங்கப்பா. அப்ப பனிதான் உமி, பயிருதான் சோத்துப் பானை. அதானே?"

"அதான் சார்" என்றார் டீச்சர்.

முதலாளி என்னைத் திட்ட வந்ததை மறந்தே போனார். மறுநாள் துறைமுக டீக்கடையில் படகு ஓனர்களைக் கூட்டி வைத்து, "பனின்னா என்னா தெரியுமாய்யா? உமி" என்று பேசிக்கொண்டிருந்தார். தானே கண்டுபிடித்ததுபோலத்தான் பேசினார். ஒருவர், "மொதலாளிக்கு வெயிலு ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டு டிரம்மையும் குளிர் அறைக்குள் நகர்த்தி, ஒன்றின் நாற்றை ஒரு சாண் வெள்ளைப் பொடியால் மூடினோம். மற்றதைத் திறந்தே விட்டோம். ஒவ்வொன்றிலும் இருபது நாற்று. அறையை முடிந்த மட்டும் குளிர வைத்தோம். இரண்டு நாள் கழித்து, கல்லூரி பஸ்ஸில் நாற்பது மாணவர்களும் துறைத் தலைவரும் வந்து இறங்கினார்கள். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே பத்துப் பத்துப் பேராக அனுப்பினோம். சிலர் கல்யாணத்துக்குப் போகும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பையன் தலையில் அம்மாவின் துண்டைக் கட்டியிருந்தான்.

திறந்த டிரம்மில் மண் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. லால்பேட்டைப் பெண்ணை டீச்சர் முன்னால் கூப்பிட்டார். "நான் சொல்ல மாட்டேன். நீயே கைய வுட்டுப் பாரு."

அந்தப் பெண் வெள்ளைப் பொடிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை விட்டாள். முகம் மாறியது. "மிஸ், மண்ணு மெத்துன்னு இருக்கு. ஈரமா இருக்கு மிஸ்!" என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கையை விட முண்டியடித்தார்கள். பயிரை நசுக்கிவிடாமல் அவர்களை வரிசையில் நிறுத்த ஆரோக்கியம் கட்டையை எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது துறைத் தலைவருக்கே முகம் மலர்ந்திருந்தது. "ஆகப் பனி மூடிய பயிர் பிழைத்தது, மூடாத பயிர் இறந்தது. சரிதானே?" என்று மாணவர்களுக்கு முன்னால் முடித்து வைக்கப் பார்த்தார்.

"அத இன்னிக்குச் சொல்ல முடியாது சார்" என்றார் டீச்சர். "இப்ப பச்சையா இருக்கறதுகூடச் சாகலாம். வெளிய எடுத்து வச்சு, புது இலை வுடுதான்னு ஒரு வாரம் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

நாற்பது பேரும் ஒரே குரலில் பெருமூச்சு விட்டார்கள். துறைத் தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஒரு வாரம் கழித்து துறைத் தலைவர் மட்டும் காரில் வந்தார். கையில் ஏற்கெனவே டைப் செய்த அறிக்கை இருந்தது. மூடியதில் இருபதும் பிழைத்தன, மூடாததில் ஒன்றும் பிழைக்கவில்லை என்று அதில் இருந்தது. கல்லூரி மலரில் புகைப்படத்தோடு வரப்போகிறதாம். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முன் அறையில் டிரம்கள் இருந்தன. டீச்சர் எண்ணினார். மூடியதில் பதிமூன்று புது இலை விட்டிருந்தன. மூடாததில் பதினெட்டு கருகிக் கிடந்தன. தெர்மாகோல் ஓரமாக, டிரம்மின் சுவரை ஒட்டி நின்ற இரண்டு மட்டும் ஊசி மாதிரி ஒரு பச்சையை நீட்டிக்கொண்டிருந்தன.

துறைத் தலைவர் குனிந்து அந்த இரண்டையும் பார்த்தார். "பதிமூணைக்கூட நான் ஒத்துக்கறேன் மேடம். இந்த ரெண்டையும் எடுத்துடுங்க."

"அது உயிரோட இருக்கு சார்."

"எடுத்துட்டா இருக்காது."

அப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்டுவிட்ட அதிர்ச்சியில் டீச்சர் நின்றிருந்தார். அதற்குள் துறைத் தலைவர் கையை நீட்டிவிட்டார். ஆரோக்கியம் நடுவில் வந்து நின்றான். ஐஸ் பாரைத் தனியாகத் தோளில் தூக்குகிறவன், சின்ன உருவமில்லை.

"சார், இது கம்பெனி எடம். மொதலாளியக் கேக்காம இங்க எதையும் புடுங்கக் கூடாது."

நான் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "அவ்ளோ குளிர்ல துணி இல்லாம கெடந்து பொழச்சிருக்கு, அத எதுக்குய்யா அவரு புடுங்குறாரு?"

நான் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ஆரோக்கியம் மட்டும் பேனாவை வாங்கினான். 'ஒன்றும் பிழைக்கவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'ரெண்டு இருக்கு. நான் பார்த்தேன்' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டான்.

ஜூனில் டீச்சரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடைபெற வந்த அன்று படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. அரவை மிஷின் ஓடிய சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. எனக்கு மனசே சரியில்லை. "அந்த ரெண்டையும் புடுங்கியிருந்தா வேலையாவது தப்பிச்சிருக்கும் டீச்சர்" என்று கத்தினேன். அவர், "என்னண்ணே?" என்று காதில் கையை வைத்தார். "ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினேன்.

ஏழெட்டு மாதம் தகவல் இல்லை. சிதம்பரத்தில் டியூஷன் எடுக்கிறார் என்று பஸ் கண்டக்டர்தான் சொன்னார். பிறகு, வடக்கே ஒரு மலை மாநிலத்தில், பனி விழும் ஊரில், ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்று அவரே போன் செய்தார். நேர்முகத் தேர்வில் பதிமூன்று நாற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். சுவரோரம் இருந்த அந்த இரண்டு எப்படிப் பிழைத்தது என்று அரை மணி நேரம் குடைந்தார்களாம். வேலை அதனால்தான் கிடைத்ததா என்று கேட்டேன். "அது எனக்கு எப்படிண்ணே தெரியும்? அவுங்க மனசுல இருக்கறத நான் பாக்கலியே" என்றார்.

அதற்கடுத்த தை மாதம், ஒரு காலை நேரம். நான்கு படகுக்கு ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"அண்ணே, வுழுது!"

"என்னா வுழுது?" மிஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பனிண்ணே! வயல்ல நிக்கறேன். கோதுமைக்கு மேல முழங்கால் ஒசரம் ஏறிடுச்சு. காத்துல பறந்து போவாம இருக்கணும்னு, போன வெள்ளாமையில அறுத்த தாள ஒரு முழம் வுட்டு வச்சிருக்காங்க. அது அப்படியே புடிச்சு வச்சுக்குது. உள்ள கைய வுட்டுப் பாத்துட்டேன்."

"மெத்துன்னு இருக்கா?"

"இருக்குண்ணே." பிறகு, "ஆனா நான் ஒண்ணு தெரியாமலே இருந்துட்டேன். நம்ம கம்பெனியில கத்திக் கத்தியே பேசினோமா, பனின்னாலே எனக்கு அந்த மிஷின் சத்தத்தோடதான் ஞாபகம் வரும். இது வுழும்போது சத்தமே இல்லண்ணே. இவ்ளோ வுழுது, ஒரு சத்தமும் இல்ல. நான் சொன்னா எப்படி? நீங்களே கேளுங்க" என்றார். போனைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும்.

நான் ஆரோக்கியத்தைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவன் அரவை மிஷினை நிறுத்தினான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய் நின்றேன்.

"யோவ், மிஷின ஏன் நிறுத்துன?" என்று படகிலிருந்து டிரைவர் கத்தினார். "முகத்துவாரத்துல தண்ணி வத்திப்போச்சுன்னா போட்டு கெளம்பாது."

பேசாதே என்று சைகை காட்டினேன்.

"போன்ல யாரு?"

"டீச்சர்."

"என்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

டிரைவர் பக்கத்துப் படகுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லாததுக்கா மிஷின நிறுத்திட்டுக் கேக்குற?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஆரோக்கியம் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான்" என்று கையை நீட்டினான். "எனக்கும் கொஞ்சம் குடு."